ஒரே பூர்வீகம் யாருக்கு இருக்கிறது? ரீயூனியன் தீவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் புதுச்சேரிக்காரன். ரீயூனியன் தீவில் சேன்ட் ஆந்த்ரே ஊரில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஊரிலிருந்து சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் கோயில் வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "இவங்கள்லாம் நிஜமாவே தமிழங்களா?" என்று என் காதோடு கேட்கிறார்கள். வகுப்புக்கு வருகிறவர்களோ, "நாங்கள் தமிழர்தானே?" என்று நேராகவே கேட்கிறார்கள். இரு தரப்புக்கும் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

ரீயூனியன் எங்கே இருக்கிறது? அங்கே யார் யார் இருக்கிறார்கள்?

மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீஷியஸுக்குப் பக்கத்தில் இருக்கும் எரிமலைத் தீவு. பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர். 1946-லிருந்து பிரான்சின் ஒரு மாவட்டம். பாஸ்போர்ட் பிரெஞ்சு, பணம் ஈரோ, வீட்டுப் பேச்சு, பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல். தமிழ் வம்சத்தாரை மல்பார் என்பார்கள். ஆப்பிரிக்க, மலகாசி (மடகாஸ்கர்) வம்சத்தார் காஃப். குஜராத்திலிருந்து வந்த முஸ்லிம்கள் ஸராப். சீனர் சினுவா. மலைப்பக்கத்து ஏழை வெள்ளையர் யாப். பிரான்சிலிருந்து நேராக வந்தவர் ஸோரேய். இப்படிப் பட்டியல் போட்டால் ஆறு தனித்தனி ஜனங்கள் போலத் தெரியும். ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்ப் பாருங்கள், ஒரே குடும்பத்துப் புகைப்படத்தில் ஆறு பேரும் நிற்பார்கள்.

தமிழர் எத்தனை சதவீதம்?

அரசாங்கக் கணக்கு கிடையாது. பிரான்சில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனத்தையும் மதத்தையும் கேட்பதில்லை. அந்த மாதிரி விவரங்களைச் சேகரிக்க 1978-ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையான கட்டுப்பாடு வைத்தது. 2007 நவம்பரில் பிரான்சின் அரசியலமைப்பு மன்றமும், இனத்தை அடிப்படையாக வைத்துப் புள்ளிவிவரம் எடுப்பது அரசியலமைப்புக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டது. எங்காவது ஒரு சதவீதம் கண்ணில் பட்டால் அது யாரோ போட்ட மதிப்பீடு. என்னைக் கேட்டால், எண்ண அனுமதித்தாலும் எண்ண முடியாது. அப்பா மல்பார், அம்மா காஃப், அம்மாவின் அம்மா பாதி சீனர் என்று இருப்பவரை எந்தக் கட்டத்தில் போடுவது?

எப்படி இவ்வளவு கலந்தார்கள்?

இந்தத் தீவுக்குப் பூர்வகுடி என்று யாருமே இல்லை. 1663-இல் நிலையாகத் தங்க வந்தவர்கள் இரண்டு பிரெஞ்சுக்காரர்களும் பத்து மலகாசியரும். அந்தப் பத்துப் பேரில் பெண்கள் மூன்று பேர். 1665-இல் எத்தியேன் ரெஞ்ஞோ என்பவரின் தலைமையில் இன்னும் இருபது குடியேறிகள் வந்தார்கள். 1670-களில் இந்தியாவின் போர்ச்சுகீசியக் குடியிருப்புகளிலிருந்து, இந்தியத் தாய்வழியில் வந்த கிறிஸ்தவப் பெண்கள் சிலர் வந்து சேர்ந்தார்கள். குடியேறிய ஆண்கள் இந்த மலகாசிப் பெண்களையும் இந்தியப் பெண்களையும்தான் கட்டிக்கொண்டார்கள். வேறு பெண்கள் அரிது. ஆகவே தீவின் ஆகப் பழைய குடும்பங்களில், இன்று வெள்ளையர் என்று எண்ணப்படுகிறவற்றையும் சேர்த்து, பலவற்றின் ஆதிப் பாட்டி மடகாஸ்கர்க்காரி அல்லது இந்தியாக்காரி.

கலப்பு மிகுந்த பிறகுதான் தடை வந்தது. வெள்ளையரும் கறுப்பரும் மணம் செய்யக்கூடாது என்று 1723-இல் அரச ஆணை பிறந்தது. கல்யாணத்தை அது நிறுத்தியது, பிள்ளை பிறப்பதை நிறுத்தவில்லை. அதற்குள் காப்பித் தோட்டங்கள் வந்துவிட்டன. மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். இந்தியாவிலிருந்தும் கொண்டுவந்தார்கள். நம்மவர்களுக்கு இது அநேகமாகத் தெரியாது. மல்பார்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வருவதற்கு நூறு வருஷம் முன்பே இந்த மண்ணில் இந்திய அடிமைகள் இருந்தார்கள். அவர்கள் வம்சம் எங்கே போயிற்று? இன்று காஃப் என்றோ வெறுமனே கிரியோல் என்றோ சொல்லப்படுகிற குடும்பங்களுக்குள்தான் கரைந்திருக்கிறது.

1848 டிசம்பர் 20 அன்று, பிரெஞ்சு அரசு அனுப்பிய ஆணையர் சர்தா கரிகா அடிமைமுறை ஒழிந்ததை அறிவித்தார். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விடுதலையானார்கள். கரும்பு வெட்டவும் ஆலை ஓட்டவும் ஆள் தேவை. ஏனாமிலிருந்து ஒரு சின்னக் குழு 1828-இலேயே வந்து பார்த்திருந்தது. 1848-க்குப் பிறகு கூட்டம் கூட்டமாக வந்தார்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் ஏறியவர்களில் பெரும்பாலோர் தமிழர். 1860-இல் பிரிட்டனும் பிரான்சும் ஒப்பந்தம் செய்துகொண்டு, பிரிட்டிஷ் இந்தியாவிலும் ஆள் சேர்க்க வழி திறந்தது. கூலிகள் நடத்தப்பட்ட விதம் பற்றிப் புகார் மேல் புகார் வந்ததில் 1882-இல் பிரிட்டன் அதை மூடியது. அதற்குள் வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

இனி கணக்கைப் பாருங்கள். அந்த ஒப்பந்தப்படி கப்பலில் நூறு ஆணுக்குக் குறைந்தது 25 பெண் இருக்கவேண்டும். பிறகு படிப்படியாகக் கூட்டவேண்டும். தொடக்கத்தில் கால் பங்கு என்றால் மீதி எழுபத்தைந்து ஆண்கள் என்ன செய்திருப்பார்கள்? சிலர் திரும்பிப் போனார்கள், சிலர் தனியாகவே செத்தார்கள். மற்றவர்கள் பக்கத்துக் கொட்டடியில் இருந்த காஃப் பெண்ணையோ மலகாசிப் பெண்ணையோ சேர்த்துக்கொண்டு குடும்பம் நடத்தினார்கள். அந்தப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள்தான் இன்று கோயிலில் தீ மிதிக்கிறார்கள்.

குடும்பப் பெயர் முத்துசாமி. அப்படியானால் தமிழர்தானே?

அந்தப் பெயரோடு கப்பலில் வந்த ஒரு மூதாதை தமிழர். அதற்கு மேல் பெயர் எதையும் உறுதி சொல்லாது.

நம்மூரில் அப்பா பெயர் இனிஷியலாக வரும், அடுத்த தலைமுறையில் மாறிவிடும். இங்கே அப்படியில்லை. முத்துசாமி என்ற ஒரு கூலியின் சொந்தப் பெயர் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏறியது. அன்றோடு அதுவே பரம்பரைப் பெயராக உறைந்துவிட்டது. பிரெஞ்சுக் குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார். அதனால் ஒரே பெயருக்கு நாலைந்து எழுத்துக்கூட்டல் இருக்கும். ஒரே எழுத்துக்கூட்டல் உள்ள இரண்டு வீட்டாருக்குள் ஸ்நானப்பிராப்தி கூட இருக்காது.

முன்பெயரைப் பார்த்துவிட்டு ஊர்க்காரர்கள் முகம் சுளிப்பது எனக்குப் பழக்கம். "ழான்-கிளோத் முத்துசாமியா? மதம் மாறிட்டாங்களா?" அவசரப்படாதீர்கள். பிரான்சில் 1803-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாட்காட்டியில் உள்ள புனிதர் பெயர்களும் பழைய சரித்திரப் பெயர்களும்தான் பதிவு செய்யலாம். அது 1966-இல் கொஞ்சம் தளர்ந்தது. பெற்றோர் இஷ்டப்படி பெயர் வைக்கும் உரிமை 1993-இல்தான் வந்தது. ஆகவே அறுபது வயது மல்பாரின் அடையாள அட்டையில் ழான்-கிளோத் இருக்கும். வீட்டில் வேறு பெயர் இருக்கும், கோயிலில் அர்ச்சனைக்கு அதைத்தான் சொல்வார்.

அப்புறம், தாய்வழிப் பெயர்கள். பதிவு அலுவலகத்தில் செய்யாத கல்யாணம் பிரெஞ்சுச் சட்டத்தின் கண்ணில் கல்யாணமே இல்லை. தகப்பன் வந்து பிள்ளையை ஏற்றுப் பதிவு செய்யாவிட்டால் தாயின் பெயர்தான். இதனால் இரண்டு பக்கமும் நடந்திருக்கிறது: காஃப் தகப்பனுக்குப் பிறந்தவர் மல்பார் பெயரோடு இருக்கிறார், மல்பார் தகப்பனுக்குப் பிறந்தவர் பிரெஞ்சுப் பெயரோடு இருக்கிறார். விடுதலையான அடிமைகளுக்கு 1848-இல் அதிகாரிகள் ஒரே மூச்சில் குடும்பப் பெயர் கொடுத்தார்கள். ரோமானியச் சரித்திரத்திலிருந்து எடுத்தது, எழுத்தை மாற்றிப்போட்டுச் செய்தது என்று அதில் எல்லா விளையாட்டும் உண்டு. அந்தப் பெயர்களிலிருந்து எந்த ஊரையும் கண்டுபிடிக்க முடியாது.

கலக்காத குடும்பமே தீவில் இல்லையா?

அப்படிச் சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. மல்பார்களுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்த வீடுகளும் இருக்கின்றன. ஆனால் கப்பலில் வந்த தமிழர்களே ஒரே ஊர், ஒரே சாதி, ஒரே பேச்சு கிடையாது. தஞ்சாவூர்க்காரரும் சேலத்துக்காரரும் ஏனாம் தெலுங்கரும் ஒரே கொட்டடியில் சம்பந்தி ஆனார்கள். 1860-இல் ஊரில் இருந்திருந்தால் இவர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைத்திருக்க மாட்டார்கள். அதையும் கலப்பு என்றுதான் அன்றைக்கு ஊரில் சொல்லியிருப்பார்கள்.

அப்போ சாதி?

ஊர்க்காரர்களின் இரண்டாவது கேள்வி இதுதான், குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். கல்யாணத்துக்குச் சாதி பார்ப்பது இங்கே பெரும்பாலும் செத்துப்போயிற்று. பெரும்பாலான குடும்பங்களுக்குத் தங்கள் சாதி தெரியவும் தெரியாது. தெரியாததில் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு என்னிடம் வருகிறவர்களுக்கு நான் உதவுவதில்லை.

தமிழ்நாட்டில் இருக்கும் நாங்கள் கலப்பில்லாதவர்கள்தானே?

இல்லை. இதை மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவனத்தாரும் அமெரிக்க மரபியலாளர் டேவிட் ரைக்கின் குழுவினரும் சேர்ந்து 2009-இலும் 2013-இலும் ஆய்வுகளை வெளியிட்டார்கள். இந்தியாவில் அவர்கள் பார்த்த அநேகமாக எல்லாக் குழுக்களும், மேல்சாதி கீழ்சாதி ஆதிவாசி என்ற வித்தியாசமில்லாமல், பழங்காலத்து இரண்டு பெரிய மக்கள்திரள்களின் கலவை; அளவுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அந்தக் கலப்பு ஏறக்குறைய 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை நடந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் சொந்தக் குழுவுக்குள்ளேயே மணம் முடிக்கும் பழக்கம் இறுகியது. 2019-இல் வந்த ஆய்வுகள் அந்த இரண்டு திரள்களையும் பிரித்து, ஈரான் பக்கத்து மக்களோடு தொடர்புள்ளவர்கள், தெற்காசியாவின் பழைய வேட்டுவர்கள், வடக்குப் புல்வெளியிலிருந்து வந்தவர்கள் என்று மூன்று ஊற்றுகளைக் காட்டின. ஆக, "எங்கள் வம்சத்தில் வெளியாள் ரத்தம் இல்லை" என்று தஞ்சாவூரில் ஒருவர் சொன்னால், கடைசி ஆயிரத்துச் சொச்சம் வருஷத்தைப் பற்றி ஓரளவுக்கு அது உண்மையாக இருக்கலாம். அதற்கு முன்பு அவர் குடும்பமும் ரீயூனியன் மாதிரிதான்.

இன்னொரு கணக்கு, இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். உங்களுக்குப் பெற்றோர் 2 பேர், தாத்தா பாட்டி 4 பேர், அவர்களுடைய பெற்றோர் 8 பேர். பத்துத் தலைமுறைக்கு முன்னால் 1,024 இடம். இருபது தலைமுறைக்கு முன்னால் பத்து லட்சத்தைத் தாண்டும். முப்பது தலைமுறைக்கு, அதாவது ஏறக்குறைய சோழர் காலத்துக்குப் போனால், நூறு கோடிக்கும் மேல். அன்றைக்கு உலகத்திலேயே அத்தனை பேர் இல்லை. ஒரே மூதாதை பல வழிகளில் திரும்பத் திரும்ப வந்தால்தான் கணக்கு சரியாகும். அத்தை மகளையும் அக்கா மகளையும் கட்டும் நம் ஊரில் அது இன்னும் வேகமாக நடக்கும். எத்தனை மடித்தாலும், அத்தனை இடத்தையும் ஒரே ஊர், ஒரே இனம், ஒரே மொழிக்காரர்களால் நிரப்பியவர் ஒருவரைக்கூடக் காட்ட முடியாது.

டி.என்.ஏ. சோதனை செய்தால் தெரிந்துவிடாதா?

ரீயூனியனில் இருப்பவர்களுக்கு முதலில் சட்டம். டாக்டர் சொல்லியோ, நீதிமன்றம் சொல்லியோ, ஆராய்ச்சிக்கோ அல்லாமல், பூர்வீகம் தெரிந்துகொள்ளும் ஆசைக்காக மரபணுச் சோதனை செய்துகொள்வது பிரான்சில் குற்றம். 3,750 ஈரோ வரை அபராதம் போடலாம். தீவு பிரான்சின் மாவட்டம் என்பதால் இங்கேயும் அதுதான். வெளிநாட்டு முகவரிக்கு வரவழைத்து எச்சில் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது ஊரறிந்த ரகசியம்.

செய்தாலும் என்ன வரும்? அந்தக் கம்பெனி தன்னிடம் இருக்கும் மாதிரிகளோடு உங்கள் மரபணுவை ஒப்பிட்டு, இத்தனை சதவீதம் தென்னிந்தியா, இத்தனை மடகாஸ்கர் என்று சொல்லும். மாதிரிகளின் தொகுப்பு மாறினால் அதே எச்சிலுக்குச் சதவீதமும் மாறும். அண்ணன் தம்பிக்கே ஒரே முடிவு வராது. அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி என்பது சரிதான், ஆனால் எந்தப் பாதி என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு. தாத்தாவின் பங்கு சரியாகக் கால் என்று இருக்காது. கொஞ்சம் கூடும், குறையும். எட்டுப் பத்துத் தலைமுறை பின்னால் போனால், உங்கள் மூதாதைகளில் கணிசமானவர்கள் உங்கள் மரபணுவில் ஒரு துண்டைக்கூட விட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் இல்லாமல் நீங்கள் பிறந்திருக்க முடியாது; சோதனைக்கு அவர்கள் கண்ணிலேயே படமாட்டார்கள்.

தாய்வழி மரபணு, தந்தைவழிக் குரோமோசோம் என்று தனியாகப் பார்க்கும் சோதனையும் உண்டு. அது அம்மாவின் அம்மாவின் அம்மா என்று ஒரே கோட்டில் போகும். பத்தாவது தலைமுறையில் இருக்கும் 1,024 இடத்தில் ஒன்றைப் பற்றித்தான் அது பேசுகிறது. அதை வைத்துக்கொண்டு "நாங்கள் இன்னார்" என்று சட்டை அச்சடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

கலப்பு என்றால் எல்லாப் பக்கத்தையும் ஒரே மாதிரிதானே கொண்டாடுகிறார்கள்?

சுற்றுலாத் துண்டுப்பிரசுரங்களில் அப்படித்தான் இருக்கும்: வானவில் தீவு, எல்லோரும் எல்லோரோடும் சிரிக்கிறார்கள். எனக்கு அந்தப் படத்தில் நம்பிக்கை குறைவு.

என் வகுப்புக்கு வரும் ஒரு அம்மா, ஐம்பது வயது இருக்கும், குடும்ப மரத்தை வரைந்து கொண்டுவந்தார். பழைய சுவர்க் காலண்டரின் பின்பக்கம், பென்சிலால். கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி எட்டுப் பேருக்கு எட்டுக் கட்டம். மூன்று கட்டத்தில் தமிழ்ப் பெயர்; ஒன்றில் கப்பல் வந்த வருஷம்கூட இருந்தது, பக்கத்தில் சின்னதாக ஒரு வேல் வரைந்திருந்தார். ஒரு கட்டத்தில் சீனப் பெயர், கடை வைத்திருந்தார் என்று குறிப்பு. ஒன்றில் யாப் பெயர். மீதி மூன்றில் வெறும் கேள்விக்குறி. "இவர்கள் யார்?" என்று கேட்டேன். "அது... காஃப் பக்கம்" என்றார். "பெயர் தெரியாதா?" "யாரும் கேட்டதில்லை, மாஸ்டர்."

அந்த அம்மாவின் முடியும் நிறமும் அந்த மூன்று கட்டத்திலிருந்துதான் பெரும்பாலும் வந்திருக்கவேண்டும். ஆனால் அவர் தேடுவது தமிழ்க் கட்டத்தை மட்டும். ஏன்? ஒரு காரணம், காகிதம். கூலியாக வந்தவருக்கு எண் உண்டு, ஊர் உண்டு, அப்பா பெயர் உண்டு. அடிமையாக வந்தவருக்குத் தோட்டக்காரரின் கணக்கில் ஒரு ஒற்றைப் பெயரும் வயதும், மடகாஸ்கரா மொசாம்பிக்கா என்ற ஒரு சொல்லும்தான். இன்னொரு காரணம், மரியாதை. கோபுரம், பரதநாட்டியம், இரண்டாயிரம் வருஷத்து இலக்கியம் என்று ஒரு பக்கம் வெளிச்சம். சங்கிலி என்று இன்னொரு பக்கம். எந்தப் பக்கத்தைச் சொல்லிக்கொள்ளத் தோன்றும்? கலப்பில் எல்லாப் பங்கும் சமமாக நினைவில் நிற்பதில்லை. ஏழைப் பங்கு முதலில் மறக்கப்படுகிறது. நம்மூரில் பாட்டன் யார் என்று கேட்டால் நிலம் வைத்திருந்த பாட்டனைச் சொல்லி, கூலிக்குப் போன பாட்டனை விட்டுவிடுகிறோமே, அதேதான்.

டிசம்பர் 20 இங்கே பொது விடுமுறை, ஊர்ப்பெயர் ஃபெத் காஃப். தீ மூட்டி, மலோயா பாடி, விடிய விடிய ஆடுவார்கள். மல்பார் பெயர் உள்ளவர்களும் போவதுண்டு. அந்த அம்மாவையும் போய்வரச் சொன்னேன். அரசு ஆவணக்காப்பகத்துக்கும் அந்த மூன்று கட்டத்துக்காக ஒரு தடவை போகச் சொன்னேன். போனார், ஒரு கட்டத்துக்குப் பெயர் கிடைத்தது.

காலையில் சர்ச், மாலையில் கோயில். இது என்ன மதம்?

அவர்களைக் கேட்டால் இரண்டும் என்பார்கள். தோட்டத்து முதலாளிகளும் பாதிரிமார்களும் ஞானஸ்நானத்தை வற்புறுத்திய காலத்தில் தொடங்கியது, இப்போது வழக்கமாகிவிட்டது. குழந்தைக்கு ஞானஸ்நானமும் உண்டு, மொட்டையும் உண்டு. பதினெட்டு நாள் விரதமிருந்து, பாண்டியாலே என்று இவர்கள் அழைக்கும் திரௌபதைக்குத் தீ மிதிப்பார்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார்கள். நவம்பர் 1 அன்று கல்லறைக்குப் பூ கொண்டுபோவார்கள். அதை ஒட்டி வீட்டில் சம்பிளானி: முன்னோருக்கு வாழையிலை போட்டு, அவர்களுக்குப் பிடித்த கறி, சோறு, ஒரு கிளாஸ் ரம், சிகரெட் பிடித்தவர் என்றால் சிகரெட். மலகாசி வழியும் உள்ள வீடுகளில் அந்தப் பக்கத்து முன்னோருக்குத் தனியாக ஒரு சடங்கு நடக்கும். சாலையோரம் சிவப்புச் சாயம் பூசிய சின்னச் சின்ன மாடங்கள் தெரியும். உள்ளே சேன் எக்ஸ்பெதி என்ற கத்தோலிக்கப் புனிதர். அவருக்கு வேண்டிக்கொள்கிறவர்களில் மல்பாரும் உண்டு, காஃபும் உண்டு, யாபும் உண்டு.

இதற்குள்ளேயே ஒரு சண்டை நடக்கிறது. 1970-களுக்குப் பிறகு இந்தியாவிலிருந்து குருக்கள் வந்து, ஆகமப்படி கோயில் கட்டி, "ஆடு கோழி வெட்டுவது சுத்தமான இந்து முறை இல்லை" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். தோட்டத்துக் காளி கோயில்காரர்களுக்குக் கோபம். எங்கள் பாட்டன் கொண்டுவந்தது இதுதானே என்கிறார்கள். எனக்குத் தோட்டக்காரர்கள் சொல்வதுதான் நியாயமாகப் படுகிறது. தென்னாற்காட்டுக் கிராமத்தில் ஐயனாருக்கும் காளிக்கும் என்ன படைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். 'கலந்து கெட்டுப்போனது' என்று பேர் வாங்கிய வழிபாட்டில்தான் 1860-ஆம் வருஷத்துத் தமிழ்க் கிராமம் அப்படியே இருக்கிறது.

தமிழ் பேசத் தெரியாதவரைத் தமிழர் என்று எப்படிச் சொல்வது?

அவர் சொல்லிக்கொண்டால் சொல்லிக்கொள்ளட்டும், நமக்கென்ன. பேச்சுத் தமிழ் இங்கே போய்விட்டது. பள்ளியிலும் சங்கங்களிலும் படிப்பது புதிதாகக் கற்பதுதான். பூசாரிமார் பழைய பாட்டுகளைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்து, பொருள் தெரியாமலே பாடிக் காப்பாற்றியிருக்கிறார்கள். சமையலறையில் பீர்க்கங்காய் பிபாங்காய் ஆகவும் முருங்கை முரூங் ஆகவும் இருக்கிறது. அந்த முரூங் கீரையைக் காஃப் வீட்டிலும் சீனர் வீட்டிலும் அதே பெயர் சொல்லித்தான் ஆய்கிறார்கள். அவர்களையும் பாதித் தமிழர் என்று நாம் கணக்கில் எடுக்கிறோமா?

மொரீஷியஸிலும் தென்னாப்பிரிக்காவிலும் இதே நிலைமையா?

இல்லை, அங்கே அரசாங்கமே கட்டம் போட்டது. மொரீஷியஸ் அரசியலமைப்பு 1968-இல் மக்களை இந்து, முஸ்லிம், சீனர் என்று மூன்றாகப் பிரித்து, வாழ்க்கைமுறையால் இந்த மூன்றிலும் சேராதவரை நாலாவதாகப் 'பொது மக்கள்' என்றது. தேர்தலில் வேட்பாளர் தன் கட்டத்தைச் சொல்லவேண்டும்; எந்தச் சமூகத்துக்கு இடம் குறைந்ததோ அதற்கு ஈடுகட்ட எட்டு நாற்காலிகள் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் சமூகவாரியாகக் கணக்கெடுத்தது 1972-இல்தான் கடைசி. அந்தப் பழைய விகிதத்தை வைத்தே பங்கு போட்டு வந்தார்கள். கட்டத்தைச் சொல்ல மறுத்தவர்கள் ஐ.நா. மனித உரிமைக் குழுவரை போக, 2012-இல் குழு அவர்கள் பக்கம் பேசியது. தமிழ் அம்மாவுக்கும் கிரியோல் அப்பாவுக்கும் பிறந்தவர் எந்தக் கட்டம் என்ற கேள்வி அங்கே வெறும் வீட்டுப்பேச்சு இல்லை, வழக்கு.

தென்னாப்பிரிக்காவில் அது இன்னும் கொடூரம். 1949-இல் வெள்ளையர் மற்றவரை மணப்பதற்குத் தடை. 1950-இல் ஒவ்வொருவரையும் ஏதாவது ஒரு இனத்தில் பதியும் சட்டம். சந்தேகம் வந்தால் தலைமுடியில் பென்சிலைச் செருகி, விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்தார்கள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் வேறு வேறு இனமாகப் பதியப்பட்டு, வேறு வேறு பேட்டையில் வாழ நேர்ந்தது. அந்தப் பதிவுச் சட்டம் 1991-இல்தான் போயிற்று. பூர்வீகம் ஒன்றே ஒன்றுதான் என்று ஒரு அரசாங்கம் பிடிவாதம் பிடித்தால் பென்சில்வரைக்கும் போகவேண்டியிருக்கிறது.

எங்கள் குடும்பத்தை எப்படித் தேடுவது?

வீட்டிலிருந்து தொடங்குங்கள். குடும்பப் புத்தகம், பழைய கல்யாணச் சான்றிதழ், கல்லறைக் கல். அப்புறம் மேரி, அதாவது நகராட்சி. பிரான்சில் பிறப்பு, கல்யாணப் பதிவுகள் 75 வருஷத்துக்குப் பிறகு எல்லோருக்கும் திறந்துவிடும். இறப்புப் பதிவை உடனே கேட்கலாம். அதிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போனால் கப்பலில் வந்தவரைப் பிடித்துவிடலாம்.

அவர் கிடைத்ததும் சேன் தெனியில் உள்ள மாவட்ட ஆவணக்காப்பகத்துக்குப் போங்கள். ஒப்பந்தத் தொழிலாளர் பதிவேடுகளில் எண், பெயர், வயது, பெற்றோர் பெயர், ஊர், கப்பல், யாருடைய தோட்டம் என்ற விவரங்கள் முழுதாகவோ அரைகுறையாகவோ இருக்கும். பிரான்சின் எக்ஸ் நகரத்தில் இருக்கும் கடல்கடந்த பிரதேச ஆவணக்காப்பகம் பழைய பிறப்பு இறப்புப் பதிவுகளை இணையத்தில் போட்டிருக்கிறது. ஊர்ப்பெயரைக் கண்ணால் படிக்காதீர்கள், பிரெஞ்சு உச்சரிப்பில் வாய்விட்டுச் சொல்லிப்பாருங்கள். பல ஊர் அப்போதுதான் பிடிபடும். ஊர் கிடைத்தால் சொந்தக்காரர் கிடைப்பார் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நல்லூர் என்று வந்தால் எந்த நல்லூர்?

நேரம் இருந்தால் சேன் தெனிக்கும் லா பொசெஸியோனுக்கும் நடுவில் லா கிராந்த் ஷலூப்பில் நிற்கும் லசரெத்தையும் பாருங்கள். கப்பலில் வந்தவர்களை நோய்க்குப் பயந்து அடைத்து வைத்த கட்டடம், இப்போது பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள். தமிழர், ஆப்பிரிக்கர், சீனர் என்று எல்லோருக்கும் அது ஒரே வாசல்.

அடிமைப் பக்கத்து முன்னோரையும் தேட முடியுமா?

கஷ்டம், ஆனால் முடியும். 1848-க்குப் பெயர்ப்பதிவேடு இருக்கிறது. அதற்கு முன்னால் முதலாளியின் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் நகரவேண்டும்: அவர் கொடுத்த சொத்துக் கணக்கு, உயில், விற்பனைப் பத்திரம். ஆளைத் தேட ஆளின் சொந்தக்காரனைத் தேடவேண்டியிருக்கிறது என்று எரிச்சல் வரும். வரட்டும், தேடுங்கள்.

நான் எத்தனை பங்கு தமிழன் என்று சொல்லுங்கள், போதும்.

கேட்டவர் ஒரு இருபது வயதுப் பையன். நான்கு தாத்தா பாட்டியில் ஒருவர் மல்பார், அவரும் முழுக்க இல்லை. அவன்தான் வகுப்பில் எல்லோரையும்விட நன்றாகத் தமிழ் எழுதுகிறான். என்ன பங்கு என்று நான் எப்படிச் சொல்வது? தமிழ்க் குடும்பம் என்று பெருமை பேசும் சிலர் முதல் வாரத்தோடு வகுப்பை விட்டு நின்றுவிட்டார்கள்.

காஃப் குடும்பம், சீனக் குடும்பம், ஸோரேய்: இவர்கள் தமிழ் வகுப்பில் சேரலாமா?

சேரலாம். படிவத்தில் பெயரும் தொலைபேசி எண்ணும்தான் கேட்கிறோம். பூர்வீகம் என்ற கட்டம் அதில் கிடையாது, சட்டமும் விடாது. நோட்டும் பென்சிலும் கொண்டுவாருங்கள். முதல் மாதம் எழுத்து மட்டும்தான் நடக்கும், றகரம் எல்லோருக்கும் கஷ்டம்.